சிவப்புத் தரை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி பழைய வீட்டைத் தின்றுவிட்டுப் போனது. மீராசா வயலில் ஒரு துண்டை விற்று, மகள் ஸகியாவுக்குச் சீதன வீடு கட்டினார். கல்முனைப் பக்கம் பெண்ணைப் பெற்றவர் வீடு கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வார். மீராசா கொடுத்தார்தான், கையைத்தான் எடுக்கவில்லை. சிவப்புச் சீமெந்துத் தரையைக் காலையும் மாலையும் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்ப்பார். பூனை நடந்தால்கூடப் பின்னால் துணியோடு போவார். தங்கமான மனிதர், தரை என்று வந்தால் மட்டும் பொல்லாதவர்.

கதவு இழைக்க வந்த ஓடாவி கனகசிங்கம் இதைப் பார்த்துச் சிரித்தார். ஞாயிறு தோறும் மெதடிஸ்ட் கோயிலில் வேதம் வாசிக்கிறவர் அவர். மீராசாவை அண்ணன் முறை வைத்துக் ‘காக்கா’ என்பார்.

“சிலைக்கு முன்னால விழாத எண்டு எங்கட வேதம் சொல்றது கல்லை மட்டுமில்ல காக்கா. நெஞ்சுக்குள்ள தூக்கி வெச்சிருக்கிறதையும்தான். கண்ண மூடினா முதல்ல எது வந்து நிக்குதோ, அதுதான் நாம கும்பிடுற சிலை.”

“அது உங்களுக்குச் சொன்னது ஓடாவியார். எங்கட ஊட்டுல ஒரு படம்கூட இல்ல!” என்று மீராசா பெருமையாகச் சிரித்தார்.

மருமகன் பளீல் கரைவலைக்குப் போகிறவர். ஒருநாள் கறிக்கு மீனோடு, கால் நிறைய மணலோடு உள்ளே வந்துவிட்டார்.

“இது ஊடா, கடக்கரையா?” மீராசா கத்தினார்.

பளீல் மீனைப் படியில் வைத்துவிட்டுப் பாலமுனையில் இருந்த தன் உம்மா வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை பெண் வீட்டை விட்டுப் போவதென்றால் ஊரே கதைக்கும் காரியம். பின்னாலேயே ஸகியாவும் அழுதபடி போனாள்.

மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகை. ஆளில்லாத வீட்டில் மீராசா சுஜூதில் நெற்றியை வைத்தார். பாயின் ஓரத்தில், தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உதடு இறைவனைத் துதிக்க, பெருவிரல் வெடிப்பைத் தடவிப் பார்த்தது. ஓடாவியின் சொல் சுரீரென்று தைத்தது. நெற்றி யாருக்காகத் தரையில் கிடக்கிறது? மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. “யா அல்லாஹ்” என்று முதலிலிருந்து தொழுதார். பிறகு சைக்கிளை எடுத்துப் பாலமுனைக்கு மிதித்தார்.

அன்று மாலையே மூவரும் திரும்பி வந்தார்கள். பளீல் வாசலில் நின்று, மணல் ஒட்டிய காலைக் கழுவ வாளியைத் தேடினார். மீராசா வாளித் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டார்.

“அப்படியே உள்ள வாங்க மகன்.”

மணல் தரையெங்கும் உதிர்ந்தது. மீராசாவுக்கு நெஞ்சு பதறத்தான் செய்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதலில் தரைதான் வந்தது; அதன்மேல் மகளும் மருமகனும் நடந்துகொண்டிருந்தார்கள்.