துவக்குக்குக் கால் தேடிய வருடம்

நாற்பத்தெட்டு வயதில் நான் ஒரு துவக்கு, குறிபார்த்துச் சுடுகிற துப்பாக்கி, வாங்கினேன். இதைக் கேட்கிற எங்கட ஆட்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் கணவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவரோ தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வார். யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் நாங்கள். ஜெர்மனியில் இந்த பீலெஃபெல்டில் வந்து அதையே பொழுதுபோக்காக எடுத்தால் யார்தான் என்ன சொல்வது?

நான் வேலை செய்வது ஒரு மருத்துவமனையில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில். அங்கே என்னுடன் வேலை செய்த ஜெர்மன் பெண் ஒருத்தி ஒரு கோடையில் தன்னுடைய குறிச்சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காதுக்கு மூடி போட்டு, பாயில் குப்புறப் படுத்து, நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த தாளைப் பார்த்தேன். தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றுபோனது. அதற்காகத்தான் மறுபடி போனேன். வேறு பெரிய காரணம் இல்லை.

கழகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் பழகி, பரீட்சை எழுதி, விண்ணப்பம் போட்டு, டெர்மின் டெர்மினாக, குறித்துத் தந்த நாளெல்லாம் அலுவலகப் படி ஏறி இறங்கித்தான் ஆயுத அனுமதி அட்டை கிடைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னை அழ வைத்தது துவக்கின் முன்பக்கத்தைத் தாங்குகிற இரண்டு கால்கள்தான். மடக்கி விரிக்கிற, சின்னக் கவடு மாதிரியான ஒரு சாமான். ஜெர்மனில் 'ட்ஸ்வைபைன்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கால்' என்றே ஆகிவிட்டது.

துவக்கை எனக்கு விற்றவர் கழகத்தின் பழைய உறுப்பினர், ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய காலையும் சேர்த்தே தந்தார். நான் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. காலை எவ்வளவு சுருக்கினாலும் துவக்கு எனக்கு மேலேதான் நின்றது. முழங்கைகளை ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, உடம்பைத் தூக்கிப் பிடித்துச் சுட்டேன். தாளில் ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. இரண்டு மாதத்தில் கழுத்து பிடித்து, வேலையில் கருவித் தட்டைக்கூடத் தூக்க ஏலாமல் போனது.

"சின்னக் கால் ஒண்டு வாங்குங்கோவன்" என்றாள் என் ஊர்ச் சிநேகிதி ஒருத்தி. ஏதோ செருப்பு வாங்குகிற மாதிரி.

அதே கழகத்துக்குத் தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். எதற்கும் கணினியில் ஒரு அட்டவணை போடாமல் விடமாட்டார். பதினொரு கால்களை வரிசைப்படுத்தி எனக்கு அனுப்பினார்.

"அக்கா, டில்ட் கண்டிப்பா வேணும். இந்தத் தரை லெவல் கிடையாது. ரைபிள் ஒரு பக்கமா சாஞ்சா உங்க ஷாட்டும் அந்தப் பக்கம்தான் போகும். எந்த ரிவ்யூ பார்த்தாலும் இந்த மாடல்தான் டாப்."

அவர் சொன்னதையே இணையத்தில் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பூட்ட, துவக்கின் அடியில் பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு இரும்புச் சட்டம் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் இருந்தது தோள்வார் மாட்டுகிற ஒரு சின்ன ஆணி மட்டும். அரை மணித்தியாலம் திருகிப் பார்த்துவிட்டு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓ, உங்களுது ஸ்டட் டைப்பா? அதை நான் அசூம் பண்ணிட்டேன் அக்கா, சாரி."

அட்டவணையில் பதினெட்டு நிரல்கள் இருந்தன. என் துவக்கில் அது பொருந்துமா என்பதற்கு ஒரு நிரல் இல்லை. பொதியைத் திருப்பி அனுப்ப வரிசையில் நிற்கும்போது, இந்தக் கால்களைச் செய்கிறவர்கள் யாரை மனதில் வைத்துச் செய்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். என்னை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

எனக்கு எவ்வளவு உயரம் தேவை என்று முதலில் அளக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுக் குப்புறப் படுத்தேன். துவக்கு பெட்டகத்தில் இருந்தது. அதன் இலக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும், சட்டமும் அதுதான். ஆனால் அவர் வீட்டில் இருக்கும்போது அதை வெளியே எடுக்க மனம் வரவில்லை; வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் தோளில் வைத்துப் பிடித்தேன். கணவர் குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்கோ."

வந்து பார்த்தார். பிறகு முழந்தாளில் நின்று தும்புத்தடிக்கும் தரைக்கும் நடுவில் அடிமட்டத்தை வைத்தார். நான் எத்தனை என்று பார்க்க நிமிர்ந்தேன்.

"தலையைத் தூக்காதேயும்" என்றார்.

நான் சட்டென்று தலையைத் தாழ்த்தினேன்; அவருடைய கை அடிமட்டத்தில் அப்படியே நின்றது. ஷெல் விழும்போது பதுங்குகிற பங்கருக்குள் என் அம்மா அதே சொல்லைத்தான் சொல்லுவா. அவருடைய வீட்டிலும் யாரோ சொல்லியிருப்பார்கள். நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் அந்தத் தும்புத்தடியை நான் திரும்பத் தொட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

"பதினாறு சென்டிமீட்டர்" என்று சொல்லி, அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டார்.

அந்த அளவை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போனோம். காரில் நாற்பது நிமிட ஓட்டம். கடைக்காரரிடம் துண்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் திரும்பி, "நீங்கள் எந்த வகைத் துவக்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மறுபடி கணவரிடமே, "மேசையில் வைத்தா சுடுகிறீர்கள், படுத்தா?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. கணவர் இரண்டு கைகளையும் மேற்சட்டைப் பைக்குள் விட்டார்.

"சுடுவது இவர். நான் கார் ஓட்டுகிறவன்" என்றார் ஜெர்மனில். "எனக்குத் துவக்கு பிடிக்காது. ஆனால் இவர் சொல்லுகிற அளவு சரி. நான்தான் அளந்தேன்."

கடைக்காரர் சிவந்துபோய் மூன்று கால்களைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். முதலாவது இருபத்து மூன்றுக்குக் கீழே இறங்காது. "எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள்" என்றார். இரண்டாவது உயரத்துக்குச் சரி, ஆனால் சாய்வை இறுக்குகிற திருகை முழுதாக முறுக்கிய பிறகும் கையால் தட்டினால் ஆடியது. மூன்றாவதைக் கடையில் இருந்த ஒரு வெற்றுத் துவக்கில் பூட்டச் சொல்லி, நிலத்தில் படுத்தேன். நடுக்கடையில், குளிர் மேலங்கியோடு. ஒரு வயதான தம்பதி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கன்னம் தானாகத் துவக்கின் பிடிக்கட்டையில் போய் இருந்தது, கழுத்து நோகவில்லை, திருகு இறுகியது, ஆணியிலும் பூட்டலாம். எழும்பி, "இது" என்றேன்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கழகத்தின் தரை வழுவழு சீமெந்து. துவக்கை நிலையாகப் பிடிக்க உடம்பின் பாரத்தை முன்னால் தள்ளி அந்தக் காலின் மேல் கொஞ்சம் போட வேண்டும். நான் தள்ள, ரப்பர் பாதங்கள் சறுக்கிக்கொண்டு போயின. மறுபடி இழுத்து வைத்தேன். மறுபடி சறுக்கின. கூரான இரும்புப் பாதங்கள் போடலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். தரை பழுதாகும், ஏலாது. வீட்டிலிருந்து குளியலறைப் பாய் கொண்டுபோனேன். அதன் மேல் கால் வழுக்கவில்லை. "இதற்கு ஆட்சேபணை இல்லை" என்றார், பாயில் இருந்த வாத்துப் படத்தைப் பார்த்தபடி. ஓட்டைகள் முதன்முறையாக ஒன்றையொன்று நெருங்கி விழுந்தன. பொறியாளர் தாளைப் படம் பிடித்து, "அக்கா, சூப்பர்" என்றார்.

மூன்று கிழமையில் இன்னொரு கழகத்தில் போட்டி. அங்கே தாங்கள் தருகிற பாய் மட்டும்தான் பாவிக்கலாம் என்றார்கள். அவர்கள் தந்தது பிளாஸ்டிக் மாதிரி வழுக்கியது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் காலை இழுத்து, படுக்கையைத் திருத்தி, மூச்சைப் பிடித்து, நேரம் ஓடுவதைப் பார்த்து... பத்தில் ஏழு நல்லாக விழுந்தது. இரண்டு ஓரத்தில். ஒன்று தாளின் மூலையில் எங்கேயோ போனது. கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தேன்.

கணவர் அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சுடுகிற இடத்துக்கு உள்ளே வந்தார். தூரக்கண்ணாடியில் என் தாளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அந்த ஒண்டு மட்டும் ஏன் அங்கை போனது?"

"எனக்கென்ன தெரியும்? கால் வழுக்கிச்சுது."

"வழுக்கினா எல்லாமெல்லே அப்பிடிப் போகவேணும்? நீர் அவசரப்பட்டிட்டீர்."

வீடு வந்து சேரும் வரைக்கும் அவர் விடவில்லை. பாயில் பிழையா, காலில் பிழையா, என் மூச்சில் பிழையா என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தார். துவக்கே பிடிக்காத மனிசன். நான் யன்னல் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் சொன்னது சரி. அவசரப்பட்டது நான்தான்.