எந்தப் பக்கத்துக் கிளட்ச்?

பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் சமன் செய்யும் வேலை. காலை ஏழரை மணிக்கு அவள் மண் தள்ளும் டோசரைக் கிளப்பி, முன்பக்கப் பிளேடை மண்ணில் இறக்கிப் பத்தடி தள்ளியிருப்பாள். வண்டி தன்பாட்டுக்கு வலது பக்கம் திரும்பியது. அவள் லீவரைத் தொடக்கூட இல்லை. நேராக்கி மறுபடி தள்ளினாள், மறுபடி வலது. சரி, பின்னுக்கு எடுத்துப் பார்ப்போம் என்று மேட்டில் ஏற்றினால், மூக்கு இடது பக்கம் போனது.

"முன்னால போனா வலது, பின்னால போனா இடது. குடிச்சுட்டு வந்திருக்கியா?" என்று இரும்பைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. சக்கரங்களுக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின், செயினுக்கு ஒரு கிளட்ச், கிளட்ச்சுக்கு ஒரு லீவர். எந்த லீவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கச் செயினுக்கு இன்ஜின் பலம் போகாது. மற்றது மட்டும் ஓட, வண்டி இழுத்த பக்கம் திரும்பும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் அந்த வண்டியை ஓட்டியவர் அவள் புருஷன். மேஸ்திரி என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாடு கொண்டுபோன நேரங்களில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து, பத்து வருஷத்தில் அவளும் ஓட்டப் பழகிவிட்டாள். ஆனால் ரிப்பேர் என்று வந்தால் ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

மேஸ்திரிக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடக் கொடுமை, பேச்சு. மனுஷனுக்கு எல்லாம் புரிகிறது. ஆனால் வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்து விழுகிறது. தண்ணீர் வேண்டுமென்றால் "தலகாணி" என்பார். வலது பக்கம் திருப்பிப் படுக்க வை என்பதற்கு "இடது, இடது" என்பார். பத்து தடவை அடிபட்ட பிறகு அவள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள்: அவர் இடது என்றால் வலது, வலது என்றால் இடது. அந்தக் கணக்கில்தான் குடித்தனம் ஓடியது.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவரைச் சக்கர நாற்காலியோடு வேலை இடத்துக்கே கூட்டி வந்து மரத்தடியில் விட்டிருந்தாள். வண்டி ஆடிய ஆட்டத்தை அவர் முழுக்கப் பார்த்திருந்தார்.

"ஏங்க, பாத்தீங்களா? எந்தப் பக்கங்க கோளாறு?"

"வலது," என்றார் அவர், தெளிவாக. பிறகு, "குளி. வலது குளி."

வலது என்றால் இடது. அது சரி. குளி? முந்தின நாள் உண்மையில் அவரைக் குளிப்பாட்டவில்லை. பாவம், கசகசக்கிறது போல என்று நினைத்து, பள்ளிக்கூடக் குழாயில் ஒரு வாளி பிடித்து, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டாள். அவர் வாளியை எட்டி உதைத்தார்.

"குளி!" என்று கத்தினார்.

"இப்பத்தானே தொடச்சேன்! இன்னும் எங்க குளிக்கறது, மைதானத்து நடுவுலயா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேலையும் ஓடவில்லை, மனுஷனும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

தெரிந்ததைச் செய்து பார்த்தாள். செயின் ஒரு பக்கம் அதிகம் இறுகியிருக்குமோ என்று கம்பி வைத்துத் தொய்வை அளந்தாள், இரண்டும் ஒன்றுபோல. லீவர் எவ்வளவு தூரம் சும்மா ஆடுகிறது என்று பார்த்தாள். இரண்டும் நாலு விரல். ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்துக்கொண்டு சூடேறியிருக்கிறதோ என்று மூடியைத் தொட்டாள். வெயிலில் இரண்டுமே கையைச் சுட்டன. பிளேடைத் தூக்கி வெறுமனே ஓட்டினால், நல்ல பிள்ளையாக நேராகப் போனது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

மதியம் மெக்கானிக் வந்தார். எதைச் சொன்னாலும் 'நூறு பர்சன்ட்' என்று ஆரம்பிப்பதால் அதுவே அவர் பேராகிவிட்டது. வண்டியை முன்னும் பின்னும் ஒரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நூறு பர்சன்ட் ரெண்டு கிளட்ச்சும் போச்சும்மா. முன்னால ஒரு பக்கம் இழுக்குது, பின்னால இன்னொரு பக்கம் இழுக்குது. ரெண்டையும் இறக்கணும். சீட்டு, டேங்க்கு எல்லாம் கழட்டணும். பதினஞ்சு நாள்."

"பதினஞ்சு நாளா! ஒண்ணு மட்டும்தான்னு இவர் சொல்றாரே."

"யாரு, மேஸ்திரியா?" மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "அவர் நேத்து என்னப் பாத்து 'வாங்க டீச்சர்'னாரும்மா."

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மெக்கானிக் சாப்பிடப் போனதும் வண்டிக்கு அடியில் படுத்து, இடது கிளட்ச் அறைக்குக் கீழே இருந்த போல்ட்டைத் திருகி எடுத்தாள். உள்ளே எண்ணெய் கசிந்திருந்தால் அந்த வழியாக வடியும் என்று மேஸ்திரி ஒரு காலத்தில் சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. காய்ந்த தூசிதான் கொட்டியது, அதுவும் கண்ணில்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். "இடது பக்கம் ஒண்ணும் இல்லைங்க. மெக்கானிக் சொல்றதுதான் சரி போல."

மேஸ்திரி அவளை முறைத்தார். வாய் ஏதோ வார்த்தையைத் தேடி, கிடைக்காமல் மூடிக்கொண்டது. பிறகு இடது கையால் நாற்காலியின் இடது சக்கரத்தைப் பிடித்து முன்னால் தள்ளினார். சும்மா கிடந்த வலது சக்கரம் பின்தங்க, நாற்காலி வலது பக்கம் திரும்பியது. அவர் அவளைப் பார்த்தார். அதே இடது சக்கரத்தைப் பின்னால் இழுத்தார். நாற்காலி இடது பக்கம் திரும்பியது.

"என்னங்க, எங்க போறீங்க?"

மறுபடி முன்னால், வலது. மறுபடி பின்னால், இடது. பிறகு சும்மா கிடந்த வலது சக்கரத்தின் மேல் எட்டி, படார் படார் என்று அடித்தார்.

அவள் நாற்காலியையும் டோசரையும் மாறி மாறிப் பார்த்தாள். நோஞ்சான் சக்கரம் ஒன்றுதான். அது வலது. முன்னால் போனால் வலது பக்கம் இழுக்கும், பின்னால் போனால் இடது பக்கம் இழுக்கும். மண்ணைத் தள்ளும்போதும் மேடு ஏறும்போதும்தான் பாரம். பாரம் வந்தால்தான் கிளட்ச் பிடிப்பு விட்டு வழுக்கும்.

"அய்யோ கடவுளே," என்றாள். "அப்போ குளி?"

அவர் கையைக் குழித்து, எதையோ மொண்டு ஊற்றுவதுபோல் காட்டி, டோசரை நோக்கி விரலை நீட்டினார்.

"கழுவணுமா? கிளட்ச்சையா?"

"குளி," என்றார் அவர், பெருமூச்சோடு.

வலது போல்ட்டைத் திருகியதும் கறுப்பு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. காய்ந்தே இருக்க வேண்டிய கிளட்ச் தட்டுகள் கியர் பெட்டி எண்ணெயில் ஊறிக் கிடந்தன. வழுக்காமல் என்ன செய்யும்? சாப்பிட்டு வந்த மெக்கானிக் அதைப் பார்த்து, தலையைச் சொறிந்து, "நூறு பர்சன்ட் எண்ணெய் சீல் கிழிஞ்சிருக்கு," என்றார்.

"ரெண்டு கிளட்ச்சும் போச்சுன்னீங்களே அண்ணே?"

"அது அப்போம்மா."

போல்ட்டை மறுபடி மாட்டி, கிளட்ச் அறைக்குள் மேலிருந்து மண்ணெண்ணெயை ஊற்றி, ஐந்து நிமிஷம் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி, லீவரை இழுத்து இழுத்து விட்டு, கீழே வடித்தார்கள். மூன்று தடவை கழுவிய பிறகுதான் வடிந்தது தெளிந்தது. நன்றாகக் காயவிட்டு மறுநாள் மண் தள்ளிப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கழுவியது தற்காலிகம்தான், இரண்டு நாள் கழித்து மறுபடி லேசாக வழுக்க, வலது பக்கத்தை மட்டும் பிரித்து, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் வளையத்தை மாற்றினார்கள். அதற்கு ஐந்து நாள். மைதானம் சொன்ன தேதிக்கு நாலு நாள் தள்ளி முடிந்தது. தலைமை ஆசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கழுவி முடித்த அன்று சாயங்காலம் அவருக்குச் சோறு ஊட்டும்போது அவள் கேட்டாள்: "காலையில வலதுன்னு சரியாத்தான் சொன்னீங்களா? இல்ல, இடதுன்னு சொல்ல வந்து தப்பா விழுந்தது சரியாப் போச்சா?"

மேஸ்திரி மென்றுகொண்டே வெகுநேரம் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் புரை ஏறும் அளவுக்கு.

அதற்குப் பிறகு அவள் தன் கணக்கை நம்புவதில்லை. அவர் ஒரு பக்கம் சொன்னால், முதலில் அந்தப் பக்கமே போய்ப் பார்க்கிறாள். பாதி நாள் அது சரியாக இருக்கிறது. மீதி நாள், அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்ட, திரும்பி வருகிறாள்.