என் நாத்தனாரும் ஏரிக்கரை டென்ட்டும்

ரப்பர் சுத்தியலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வட இத்தாலியில் ஓர் ஏரிக்கரைப் புல்வெளியில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்த கோலத்தில்தான் என் நாத்தனார் இன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறார். முழங்கால்வரை மடித்துவிட்ட பேண்ட், தலையில் வெயிலுக்கு ஒரு தொப்பி. டென்ட் முளைக்குச்சியைத் தரையில் சாய்வாக நிறுத்தி ஒரே போடு போடுவார், அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பக்கத்தில் நாலு வயசு என் மகள் குச்சிப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்த குச்சியை நீட்டக் காத்து நின்றாள். வீட்டில் அவளை ஒரு தம்ளர் எடுத்து வரச் சொன்னால் எனக்குத் தொண்டை வற்றிவிடும். இங்கேயோ "அத்த, இந்தா", "அத்த, இன்னொண்ணு" என்று ஓடி ஓடிக் கொடுத்தாள். நான் ஒன்றரை வயசு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு காரிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

எரிச்சல் புதிது இல்லை. என் கணவருக்குச் சொந்த அக்கா அவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நர்ஸ் வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். ஒவ்வொரு கோடையிலும் அவருடைய டென்ட் படங்கள் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும். மலையடிவாரத்தில் டென்ட், கடற்கரையில் டென்ட், பைன் மரத்தடியில் மடக்கு மேசை போட்டுத் தோசை தின்னும் அண்ணி. என் மாமியார் அந்தப் படங்களைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வருவார். எங்கள் ஊர்சுற்றல் எல்லாம் கல்வராயன் மலையோடு சரி. காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் கோமுகி அணைக்கு இறங்கிவிட வேண்டும், கடையைத் திறக்க வேண்டும். கணவர் வைத்திருப்பது சொட்டுநீர்க் குழாய்க் கடை. கரும்புக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்தவரை அண்ணிதான் போன் போட்டே கரைத்தார். "பிளேன் டிக்கெட்டு மட்டும் நீங்க பாத்துக்குங்க. ஓட்டலே வேணாம். டென்ட் எங்கிட்ட கீது, சோறு நாமளே ஆக்கிக்கலாம். சின்னப் பசங்கள வெச்சிக்கினு இதான் வசதி, செலவும் கம்மி." இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் அவர் பேச்சில் ஊர் வாடை குறையவில்லை. அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் கிடைத்தவருக்கு அதுவாவது கொஞ்சம் தேய்ந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். "பொறந்த வூட்டு ஆளுங்களோட இருக்கறப்ப எம்பொண்ண அடுப்பாண்ட நிக்க வுடாதம்மா." அவர் சொல்லியிருக்கவே தேவையில்லை. எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். அண்ணி கள்ளக்குறிச்சிக்கு வந்தால் கரண்டியைத் தொட மாட்டார், தம்பி பெண்டாட்டியான நான்தான் ஆக்கிப் போடுவேன். நைனார்பாளையத்தில் என் பிறந்த வீட்டுக்குப் போனால் நானும் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன், என் அண்ணன் மனைவி சமைப்பார். இதில் யாருக்கும் மனக்குறை வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு இருக்கிற முறை டென்ட்டுக்கும் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன். சின்ன குக்கர், புளி, மிளகாய்த்தூள், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த சாமை என்று ஒரு பெட்டி முழுக்க அடுக்கினேன். இன்னொரு கணக்கும் மனசுக்குள் இருந்தது. சுத்தியல், வரைபடம், இத்தாலியப் பேச்சு எல்லாம் அவரிடம் இருக்கட்டும். சாப்பாடு என் கையில் இருந்தால் பிள்ளைகள் என்னிடம்தானே வந்தாக வேண்டும்?

அந்த முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலிச்செடியால் பிரித்த ஒரு துண்டுப் புல்தரை. எங்களுக்கு எதிரே நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா காலையில் முகாம் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வருவாள், நடுவே எதையோ வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பாள், சமையல் முடிந்தது. அப்புறம் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் கிடப்பாள். நான் கேஸ் டப்பா செருகிய அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஏரிக்காற்றில் தீ ஒரு பக்கமாகச் சாயும், அதற்கு மறைப்பாகப் பெட்டியை நிறுத்துவேன். முதல் நாள் குக்கர் விசில் அடித்தபோது சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். சமைத்து முடித்தால் பாத்திரங்களைத் தொட்டியில் அள்ளிக்கொண்டு பொதுக் குழாயடிக்குப் போக வேண்டும். திரும்பி வந்தால் அடுத்த வேளைக்கு அரிசி களைய வேண்டியிருக்கும். அண்ணி பார்த்துப் பார்த்துச் சொல்வார். "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் அடுப்பாண்டயே நின்னுக்கினு கீற? ரொட்டியும் தக்காளியும் போதும். பசங்க தின்னுடும். நீயும் தண்ணிக்கு வா." நான் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் அண்ணி, நீங்க போங்க" என்பேன். என் கையில் மிச்சமிருக்கிற ஒன்றையும் பிடுங்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவர் போனார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். கணவரும் பின்னாலேயே போனார். கடையில் கரும்புக்காரர்களிடம் குரல் உயர்த்திப் பேசுகிற மனுஷன், அக்காவைக் கண்டால் அரைக்கால்சட்டைப் பையனாகிவிடுகிறார். காற்றடைத்த படகில் மல்லாந்து கிடப்பார், அக்கா கூப்பிட்டால் எழுந்து போவார். நான் இருந்த இடத்திலிருந்து செடிகளுக்கு நடுவே ஏரி ஒரு துண்டுதான் தெரியும். ஆனால் சத்தம் எல்லாம் கேட்கும். மகள் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டதை நான் காதால்தான் தெரிந்துகொண்டேன். "அத்த, கைய வுடு! வுடு! அய்யோ, வுடாத!" என்று கத்தல், பிறகு ஒரு நிமிஷம் சத்தமே இல்லை, பிறகு எல்லோரும் கைதட்டும் ஒலி. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நல்ல சாக்கு இருந்தது.

எதிர் டென்ட் பிள்ளையின் குட்டி சைக்கிளை ஒருநாள் மகள் வாங்கி ஓட்டினாள். சரளைக்கல் பாதையில், என் அடுப்புக்கு நேர் எதிரே, சறுக்கி விழுந்தாள். முட்டியில் ரத்தம். நான் கரண்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் எழுந்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என்னைத் தாண்டி, "அத்தே!" என்று அலறிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றேன். எதிர் டென்ட் அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணியே அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, "போ கண்ணு, அம்மாகிட்ட போ. அம்மா மருந்து போடுவாங்க" என்று என் மடியில் உட்கார வைத்தார். பெரிய மனசோடு எனக்குத் தானம் கொடுத்ததுபோல் இருந்தது. நான் பெற்றதை இன்னொருத்தி எனக்கு விட்டுக்கொடுப்பதா? அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஊர் திரும்ப இன்னும் இரண்டொரு நாள் இருக்கும்போது, சரி, நாமும் போய்ப் பார்ப்போம் என்று சுடிதாரோடு ஏரியில் இறங்கினேன். தண்ணீர் முட்டிவரை ஏறியதும் உடம்பு சிலிர்த்தது. மகள் ஆச்சரியத்தோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "நான் மெதக்கறேன், பாரும்மா" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை அதுதான். பார்க்கத்தான் திரும்பினேன். திரும்பியபோது செடிகளுக்கு இடையே எங்கள் டென்ட் தெரிந்தது. அங்கே, என் அடுப்பின் முன்னால், என் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்று கிண்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு வேளையாவது நிம்மதியாக ஏரியில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார் பாவம். எனக்கு மாமியார் முகம்தான் முன்னால் வந்தது. வீடியோவில் கூப்பிட்டு "இன்னா ஆக்கன, யாரு ஆக்கறது?" என்று அவர் கேட்காத நாளே இல்லை. அதைவிட, இதுவும் போச்சா என்று ஒரு கொதிப்பு. மகளைத் தண்ணீரிலேயே அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட ஓடினேன். "வுடுங்க அண்ணி, வுடுங்க! நீங்க போயி ஆக்கறதா!" என்று கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏரிக்கு இறங்கிப் போனார்.

ஊருக்கு வந்ததும், பிள்ளைகளின் ஆயாவான என் மாமியாருக்குப் பரம திருப்தி. தன் பெண்ணை ஒரு வேளைகூட அடுப்படியில் நிற்க விடவில்லை என்று தெருவில் என் பெருமையைப் பேசினார். கணவரின் போனில் இருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றில் நான் இருக்கிறேன், முதுகு மட்டும், குக்கரின் ஆவியோடு. மற்றதிலெல்லாம் தண்ணீர், பிள்ளைகள், அண்ணி. இப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் அவர் போன் வரும். மகள் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. துணி எடுக்கிற சாக்கில் மாடிப்படியில் பாதிவரை ஏறியிருக்கிறேன் என்பது வேறு.

போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் போயிருந்தோம். மகளுக்கு இப்போது பத்து வயது முடிந்துவிட்டது. படகுச் சவாரி முடிந்து, ஏரிக்குப் பக்கத்தில் மரத்தடியில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். நான் கட்டி எடுத்துப்போன புளிசாதத்தைத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஏரியைப் பார்த்துக்கொண்டே தம்பிக்கு இத்தாலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அது இத விடப் பெருசுடா. அங்கதான் அத்த எனக்கு மெதக்கக் கத்துக்குடுத்தாங்க."

"நானு?"

"நீ அத்த தோள்மேல உக்காந்துக்கினு இருப்ப. அப்பா படகுல படுத்துக்கினு இருப்பாரு."

"அம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அம்மா வரல. ஊர்ல ஆயாவோட இருந்தாங்க."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டி கையிலேயே இருக்க, "நான் வரலன்னா அங்க உங்களுக்கெல்லாம் யாருடி சோறு ஆக்கிப் போட்டது?" என்று கேட்டேன்.

"அத்ததாம்மா" என்றாள் உடனே. "நல்லா ஞாபகம் கீது. நான் தண்ணிக்குள்ள இருந்து பாத்தேன். அடுப்பாண்ட நின்னுக்கினு கிண்டிக்கினு இருந்தாங்க."

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் வை என்று தட்டை என் பக்கம் நீட்டினாள்.