கப்பலில் ஏறாத சரக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை மாடியிலிருந்து தர்சினி இறங்கி வந்தாள். யாழ்ப்பாணம் கோப்பாயில், வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் வீட்டு மாடிதான் அவளுடைய ஆபீஸ். நான்கு பெண்களை வைத்துக்கொண்டு, மெல்பேர்னில் கட்டும் வீடுகளுக்கு இரும்புச் சட்டங்களின் வரைபடம் போட்டு அனுப்புகிறாள்.

"அண்ணை, ஒருக்கா என்னோடை பாங்குக்கு வாறீங்களே? தனியப் போனால் அவை சொல்லுறது பாதிதான் விளங்குது."

விஷயம் இதுதான். மெல்பேர்ன் கம்பெனி ஒழுங்காகப் பணம் அனுப்பும் — ஆனால் பில் போய் மூன்று மாதம் கழித்து. சம்பளம் அதுவரை காத்திருக்குமா? போன மாதம் காப்பை அடகு வைத்துக் கொடுத்தாளாம். இந்த மாதம் அடகு வைக்க எதுவும் இல்லை. அந்தப் பில்லை வங்கியிடம் கொடுத்து, கொஞ்சம் கழிவு போனாலும் இப்போதே பணம் வாங்க முடியுமா?

வங்கி அதிகாரி இளம் பெண். பொறுமையாகச் சொன்னார்.

"குருநகரிலை இருந்து இறால் போனால், கப்பலிலை ஏத்தின பத்திரம் எங்களிட்டை இருக்கும், அதை நம்பிக் காசு தருவம். நீங்கள் அனுப்பினது ஈமெயிலிலை போன படம். வேலையை ஏற்றுக்கொண்டம் எண்டு மெல்பேர்ன்காரர் பில்லிலை ஒப்பம் வைச்சுத் தரவேணும். அதுவும் முடிஞ்ச வேலைக்கு மட்டும்தான். முழுத் தொகையும் தரேலாது."

தர்சினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மெல்பேர்னிலை பெரியப்பாவின்ரை மகன் இருக்கிறார். காசை அங்கை தான் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கழிச்சு, இஞ்சை ஆள் மூலம் ரூபாயாய்த் தாறன் எண்டுறார். அப்பிடிச் செய்யலாமே?"

"ஏலாது அக்கா. வெளிநாட்டுக்குச் செய்த வேலையின்ரை காசு வங்கி வழியாத்தான் உள்ளுக்கு வரவேணும். அது சட்டம்."

வெளியே வந்தும் அவள் ஸ்கூட்டரை எடுக்கவில்லை.

"ஒப்பம் கேட்டால் எங்களிட்டைக் காசில்லை எண்டு நினைப்பினம், அண்ணை. வேலையை வேறை ஆருக்கும் குடுத்திட்டால் அந்தப் பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?"

விருந்தாளி முன்பக்கம் இருக்க, பின்கதவால் போய் சீனி கடன் வாங்குகிற ஊர் அல்லவா நம்முடையது? இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது...

அன்று பின்னேரம் அவள் ஈமெயில் எழுதினாள். என்னிடம் காட்டியபோது மூன்று இடத்தில் 'மன்னிக்கவும்' இருந்தது. அவளே மூன்றையும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை பதில் வரவில்லை. மாடியில் வழக்கமான சிரிப்புச் சத்தமும் இல்லை.

வியாழன் காலை, நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போனோடு ஓடி வந்தாள். ஒப்பம் வைத்த பில் வந்திருந்தது. கூடவே நாலு வரி. மற்ற நாடுகளில் இருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் முதல் பில்லிலேயே இதைக் கேட்பார்களாம். நீங்கள் கேட்காததால் தேவையில்லை என்று நினைத்தோம். இனி முடிந்த வேலைக்கு மாதாமாதம் பில் அனுப்புங்கள், உடனே ஒப்பம் வைத்துத் தருகிறோம்.

தர்சினி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வங்கி முழுத் தொகையும் தரவில்லை. ஆனால் நான்கு பேரின் சம்பளத்துக்கும் அது போதும். காப்பு இன்னும் அடகுக் கடையில்தான். "அது கிடக்கட்டும், பிறகு பாப்பம்" என்கிறாள்.

நேற்று மறுபடியும் இறங்கி வந்தாள்.

"அண்ணை, நெல்லியடியிலை இருந்து ஒரு பிள்ளை வேலைக்கு வரக் கேக்குது. மேலை இன்னொரு மேசை போட இடம் காணுமோ?"

இடம் போதாதுதான். என் புத்தக அலுமாரியைக் கீழே இறக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.