நாற்பதுக்கு விற்ற ரொட்டியின் எடை

எங்கள் விலைவாசிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். கடைக்காரர்கள் அவரை 'விலையக்கா' என்று கூப்பிடுவார்கள். மாதத்தின் முதல் பத்து நாளும் ஒரு நீலப் பையில் படிவங்களைத் திணித்துக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவார். ரொட்டி என்ன விலை, பால் என்ன விலை, சோப்பு என்ன விலை என்று கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. அவர் கொண்டுவருவதைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. கடைசியில் கிடைக்கும் ஒற்றை எண்ணை அமைச்சர் தொலைக்காட்சியில் வாசித்து, பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்பார். இருபத்திரண்டு வருடம் அவர் நடந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் செருப்பு தேய்ந்தது. எனக்கு முதுகெலும்பு.

அந்த வருடம் மின்கட்டணத்தை இரண்டு தடவை ஏற்றினார்கள். முதல் ஐம்பது யூனிட்டுக்கு மட்டும் பழைய விலை, அது ஏழைகளுக்குச் சலுகையாம். எங்கள் ஊரில் மாதம் ஐம்பது யூனிட்டுக்குள் எரியும் வீடு என்றால் அது பூட்டிக் கிடக்கும் வீடாகத்தான் இருக்கும். ஆனால் 'மின்சாரம்' என்ற வரிக்கு நேரே அந்த ஐம்பது யூனிட்டின் விலையைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. எழுதினோம். ஆக, எங்கள் தாளில் மின்சாரம் ஏறவே இல்லை.

விலையக்காவின் தம்பி ஒரு பேக்கரி வைத்திருந்தார். புகை வரக் கூடாது என்று நகராட்சி நோட்டீஸ் விட்டதால், மூன்று வருடத்துக்கு முன்னால் விறகடுப்பை இடித்துவிட்டு மின்சார அடுப்பு போட்டவர். மின்சாரம்தான் மலிவு என்று அதிகாரிகள் கூட்டம் போட்டு விளக்கினார்கள். விளக்கியவர்கள் யாரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பில் மட்டும் தவறாமல் வந்தது.

இரண்டாம் முறை கட்டணம் ஏறிய மாதம், வழக்கம்போலத் தம்பி கடைக்கும் விலை கேட்கப் போனார் விலையக்கா. ஒரு ரொட்டியைக் கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தராசில் வைத்தார். முந்நூற்று முப்பத்தெட்டு கிராம்.

"என்னக்கா, ரொட்டியப் போய் நகை மாதிரி நிறுக்கிற?" என்றார் தம்பி.

"கவர்ல நானூறுன்னு போட்டிருக்கு. இதுல முந்நூத்தி நாப்பதுகூட இல்லையே."

"விலை அதே நாப்பதுதானே? அதை எழுதிட்டுப் போ. எடையை எழுதவா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

"ஏன்டா, விலையை ஏத்திட்டு ஒழுங்கா விக்கலாம்ல?"

"ஏத்தினா அடுத்த நாளே எதிர்ல இருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிடுவாங்க. குறைச்சா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. மாவு ஏறிடுச்சு, கரண்டு ஏறிடுச்சு. நான் எதைத்தான் குறைக்கிறது, நீயே சொல்லு."

தம்பி சொன்னதில் பாதி திருட்டு, பாதி உண்மை. விலையக்கா ஒரு சின்னத் தராசு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். தன் பட்டியலில் இருந்த பதினெட்டுக் கடையிலும் ரொட்டியை நிறுத்தார். எல்லா இடத்திலும் இதே கதைதான். பட்டியலில் இல்லாத சூப்பர் மார்க்கெட்டிலும் நிறுத்துப் பார்த்தார்; அங்கே விற்ற பெரிய கம்பெனி ரொட்டி மட்டும் சட்டப்படி சுத்தமாக இருந்தது. கவரின் பின்பக்கம், மடிப்புக்கு உள்ளே, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 340 கிராம் என்று அச்சடித்திருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்கள் படித்துக்கொள்ளலாம்.

படிவத்தில் எடைக்குக் கட்டம் கிடையாது. 'குறிப்புகள்' என்ற ஒரு விரல் அகல இடத்தில் பதினெட்டுக் கடைக்கும் எடையை எழுதிக் கொடுத்தார். பிரிவுத் தலைவர் அவரைக் கூப்பிட்டார்.

"அம்மா, போன மாசம் நாப்பது. இந்த மாசமும் நாப்பது. மாறலைன்னு எழுதுங்க."

"ரொட்டி மாறிடுச்சே சார்."

"ரொட்டி மாறினா அதை உணவுத் துறை பாத்துக்கும். நம்மளது விலைத் துறை."

இதைச் சொன்னவர் அன்று மதியம் கேன்டீனில், வீட்டில் ஏசியைப் போட விடாமல் மனைவி சண்டை பிடிப்பதாகவும், கரண்டு பில்லைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றும் அரை மணி நேரம் புலம்பினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் அகவிலைப்படியே அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் நிர்ணயமாகிறது. ரொட்டியில் நாங்கள் மறைத்த கிராமெல்லாம் எங்கள் சம்பளத்திலேயே குறைந்தது. சொந்தச் சட்டைப்பையில் ஓட்டை போட்டுவிட்டு, கணக்கு கச்சிதமாக இருக்கிறது என்று பூரித்துப்போன கூட்டம் நாங்கள்.

விலையக்கா மூன்று மாதம் விடாமல் எடையை எழுதினார். நான் மூன்று மாதமும் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு விலையை மட்டும் கூட்டினேன். கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போன படிவத்தில் அந்தக் குறிப்பை யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள். ஒரு ஜீப்பில் இரண்டு எடை அதிகாரிகள் வந்தார்கள். பதினெட்டுக் கடை இருக்கிற பட்டியலை வைத்துக்கொண்டு அவர்கள் போனது தம்பி கடைக்குத்தான். கவரில் ஒன்று, உள்ளே ஒன்று என்று அபராதம் போட்டு, கடைக்கு இரண்டு நாள் சீல் வைத்தார்கள். போகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பானம் குடித்தார்களாம்.

"சொந்த அக்காவே என் கடையைப் பூட்ட வெச்சுட்டா" என்று தம்பி தெருவெல்லாம் சொன்னார்.

விலையக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் சொன்னார். "நான் பதினெட்டுக் கடையை எழுதினேன். அவங்க கண்ணுக்கு என் தம்பி கடை ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் சீல் பிரித்ததும் விலையக்கா கடைக்குப் போனார். தம்பி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி மனைவிதான் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அண்ணி, எடையைக் குறைச்சது தப்பா, மறைச்சது தப்பா?"

"மறைச்சதுதான்."

"அப்ப எழுதியே வெச்சிடுவோம். அவர் நானூறே போடட்டும். விலையை ஏத்திக்கலாம். ஏன் ஏத்தினோம்னு நீங்க எழுதிக் குடுங்க."

தம்பி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மறுநாள் கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அதில் விலையக்காவின் கையெழுத்து. எங்கள் ரொட்டி நானூறு கிராம், விலை ஐம்பத்திரண்டு. போன வருடம் நாற்பது. எதிரில் நாற்பதுக்குக் கிடைப்பது முந்நூற்று நாற்பது கிராம். அதையே நானூறாகக் கணக்குப் போட்டால் நாற்பத்தேழு. அதற்குக் கீழே, இருநூறு யூனிட் எரிக்கும் ஒரு வீட்டின் போன வருட பில்லும் இந்த வருட பில்லும்.

பொதுஜனம் வந்தது. நின்று படித்தது, உச்சுக்கொட்டியது, போனில் படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பியது, அரசாங்கத்தைத் திட்டியது. பிறகு தெருவைத் தாண்டிப் போய் நாற்பதுக்கு ரொட்டி வாங்கியது. முதல் மாதம் தம்பிக்கு வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ரொட்டி ஏன் ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துபோகிறது என்று யோசித்த சில வீட்டுக்காரர்கள் மட்டும் மெல்லத் திரும்பி வந்தார்கள். அவர்களை வைத்துக் கடை ஓடியது. இரண்டாம் மாதம் பலகையைத் துடைத்து எழுத விலையக்கா போனபோது, தம்பி சாக்பீஸை நீட்டி, "எட்டு சரியா விழல, மூணு மாதிரி இருக்கு" என்றாராம். அண்ணன் தம்பிக்குள், அக்கா தம்பிக்குள் மன்னிப்பெல்லாம் இப்படித்தான் வரும்.

எங்கள் அலுவலகம் மட்டும் சும்மா இருக்குமா? அரசுப் புள்ளிவிவரங்களை அனுமதியின்றி வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு விலையக்காவுக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் சொல்லச் சொல்ல பதிலை நான்தான் டைப் அடித்தேன். என் வாழ்நாளில் நான் காட்டிய வீரம் அவ்வளவுதான். "பலகையில் உள்ளது அரசுப் புள்ளிவிவரம் அல்ல. அரசுப் புள்ளிவிவரத்தில் அது இல்லை என்பதே என் முறையீடு."

 பதிலுக்கு அவரை வேறு பட்டியலுக்கு மாற்றினார்கள். ரொட்டி, பால் எல்லாம் போய், கேமரா, சூட்கேஸ், டென்னிஸ் மட்டை. தம்பி கடையையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பெரிய கம்பெனி ரொட்டியைச் சேர்த்தார்கள். விலை நாற்பது, மாற்றமில்லை. அந்த மாதம் பணவீக்கம் இறங்கியது, அமைச்சர் சிரித்தார்.

"டென்னிஸ் மட்டை விலை குறைஞ்சிருக்கு" என்று விலையக்கா என் மேசையில் படிவத்தை வைத்தார். "ஜனங்ககிட்டச் சொல்லுங்க, பசியாறிக்கட்டும்."

வருடக் கடைசியில் அகவிலைப்படி போதவில்லை என்று ஊழியர் சங்கம் மனு தயாரித்தது. ஆதாரம் வேண்டுமே. எங்கள் அலுவலகம் முழுக்க விலைகள் குவிந்து கிடக்க, சங்கச் செயலாளர் பேக்கரி வாசலுக்குப் போய்க் கரும்பலகையைப் படம் பிடித்து வந்து மனுவோடு இணைத்தார். பிரிவுத் தலைவர் மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மனுவை விலையக்காவிடம் கொண்டுவந்ததும் அவர்தான்.

"நீங்களும் ஒண்ணு போடுங்கம்மா. பலகை உங்களோடதுதானே."

"விலை மாறலைன்னு போன மாசம் ஒரு கையெழுத்துப் போட்டீங்க. ஏறிடுச்சுன்னு இப்ப ஒண்ணு போட்டிருக்கீங்க. நான் எதை சார் நம்பறது?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். விலையக்கா மனுவை முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் 340 என்பதை 430 என்று அடித்திருந்தார்கள், அதைத் திருத்தினார். "சம்பளம் எனக்கும் வேணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. விலைவாசிக் குறியீட்டின்படி ரொட்டி, மின்சாரம் இரண்டும் நிலையாக இருப்பதால் கோரிக்கையை ஏற்பதற்கில்லை. ஆதாரமாக ஓர் அட்டவணை இணைத்திருந்தார்கள். அதன் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. விலையக்கா அதைப் பார்த்தார், என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு சூட்கேஸ் கடைக்குப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.