கதவைச் சாத்திப் பார்த்த வேன்

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர்தான். ஸ்டியரிங்கை விட்ட பிறகும் டிரைவர்தான். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, பார்வை இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே லைசென்சைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மனுஷன் சாப்பிடவில்லை. மறுநாள் மனைவியைக் கூப்பிட்டு, "நீ வண்டி ஓட்டக் கத்துக்கோ" என்றார்.

அவளோ சோபாவுக்கு உறை தைக்கிறவள். தையல் மிஷினைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத கால். ஐம்பது வயதில் கிளட்ச் மிதிப்பதென்றால் சும்மாவா? தெருமுனைக் குப்பைத்தொட்டி இரண்டு தடவை அடிவாங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து டிரைவர் போட்ட கூச்சலில் தெருநாய்கள் இடம் மாறிப் படுத்தன. ஆனாலும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

எல்லாம் ஓர் ஆசைக்குத்தான். காலமெல்லாம் அவர் ஓட்டியது பார்சல் வேன், அத்தனையும் ராத்திரி ஓட்டம். நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறார், ஹெட்லைட் காட்டிய அளவுக்கு மட்டும். மலைப்பாதை வளைவு ஒன்றில் பெரிய ஏரி இருக்கிறதாம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் வாசனை வருமாம். அந்த ஏரியைப் பகலில் அவர் பார்த்ததே இல்லை. பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக்கொண்டு, அவள் ஓட்ட அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வழியெல்லாம் போய்ப் பார்த்துவிட வேண்டும். கண் இருக்கும்போதே.

வண்டி அமைந்தால்தானே! எந்த மாமியாரும் மருமகளிடம் இத்தனை குறை கண்டிருக்க மாட்டாள். ஒன்று ஆயில் குடிக்கிறது என்றார். ஒன்று எங்கேயோ மோதி நிமிர்த்தியது என்றார். முதன்முதலில் பார்த்த வேனைக் கூரையில் இருந்த ஓர் ஊசித்துளைக்காக வேண்டாம் என்றார். இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது.

அன்று பார்த்தது ஒரு வெள்ளை வேன், பழைய வண்டிக் கடையின் பின்முற்றத்தில் நின்றிருந்தது.

"அண்ணே, ஒரே கை ஓட்டின வண்டி" என்று ஆரம்பித்தார் தரகர்.

"எல்லா வண்டியும் ஒரே கைதான்யா. இன்னொரு கையில போன் இருக்கும்" என்றார் டிரைவர்.

ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்து மோந்தார். என்ஜினை ஓடவிட்டு, மேலே உள்ளங்கையை வைத்து நடுக்கம் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே தகட்டைத் தட்டிச் சத்தம் கேட்டார். டயரின் பள்ளங்களில் விரலை ஓட்டினார். கையாலேயே வண்டியைப் படிக்கிறாரே என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. தையல் டேப்பை எடுத்து உள்ளே அளந்தாள். படுக்கை தாராளமாகப் பிடிக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. சரக்கு நனையாமல் கொண்டுபோக நினைக்கிற டிரைவர்கள் செய்வது, அவளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பின்பக்கம் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, இருட்டில் அண்ணாந்து நிற்க வேண்டும். வெயில் எங்கே எட்டிப்பார்க்கிறதோ, மழையும் அங்கேதான் இறங்கும்.

தரகரை வெளியே நிறுத்திவிட்டு இருவரும் ஏறினார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவள் மேலே பார்த்தாள். எப்போதோ கேரியர் மாட்டிக் கழற்றிய போல்ட் துளைகள், கூரையின் இரண்டு பக்கமும் வரிசையாக. மூலையில் துரு தின்ற விரிசல். வெயில் கம்பி கம்பியாக இறங்கிற்று. ஒன்று அவர் சட்டைப் பையில் விழுந்தது, ஒன்று கன்னத்தில். இதுவும் போச்சு என்று, அவர் திட்டப்போவதற்காகக் காத்திருந்தாள்.

அவர் தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கூரை முழுக்கப் பார்த்தார்.

"கும்மிருட்டு" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல பாரு. இதுதாம்மா வண்டி. எடுத்துடலாம்."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. வாசலில் தடுக்கி விழுந்துவிட்டு, செருப்பு வார் தளர்ந்துபோச்சு என்றதும், உன் குரல் நல்லா இருக்கு, பேப்பரைப் படிச்சுக் காட்டு என்று கொஞ்சியதும், மேஜைமேல் கை ஊர்ந்து ஊர்ந்து டம்ளரைத் தேடியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. டயரில் விரல் ஓட்டியது கெட்டிக்காரத்தனம் இல்லை. இத்தனை நாளும் மூடி மறைத்திருக்கிறாரே பாவி மனுஷன் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க, நல்ல இருட்டுதான்" என்றாள், கொஞ்சம் தாமதமாக.

என்ஜினில் ஒரு போல்ட் தளர்ந்தாலே கேட்கிற காது அது. அந்தத் தாமதம் அதற்குத் தப்பவில்லை. "எத்தனை இருக்கு?" என்றார்.

"எது?"

"ஓட்டை."

அவள் அண்ணாந்து ஒவ்வொன்றாக முணுமுணுத்து எண்ண ஆரம்பித்தாள்.

"நெறைய இருக்குபோல. வேண்டாம்மா. வேற பாப்போம்."

"வேற பாக்க நாள் இருக்கா? நெஜத்தச் சொல்லுங்க."

அவர் திரும்பிக் கதவின் கைப்பிடியைத் துழாவினார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அடுப்பும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். ஒரு மெத்தையத் தூக்கிப் போட்டுட்டு இந்த வாரமே கெளம்பறோம். நேரா ஏரிக்கு" என்றாள்.

"மழை வந்தா?"

"கூரைக்குத் தார்ப்பாய் தச்சுப் போடறேன். சோபாவுக்கே உறை போடறவ, வேனுக்குப் போட மாட்டேனா?"

அவர் கதவைத் திறந்தார். தரகர் இளித்துக்கொண்டு நின்றார். "என்னண்ணே, பிடிச்சிருக்கா?"

"யோவ், கூரை பூரா ஓட்டை! யாரு கண்ணுல மண்ணத் தூவப் பாக்கறே?" என்று டிரைவர் போட்ட சத்தத்தில் தரகர் இரண்டடி பின்னால் போனார். "பொழச்சுப் போ. எடுத்துக்கறோம்."

வேனிலிருந்து இறங்கவேண்டும். படி எங்கே என்று வழக்கம்போல் காலால் துழாவப் போனவர் நின்றார். பிறகு, தரகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் பக்கமாகக் கையை நீட்டினார்.