தலைவலிக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

நவம்பர் ஒன்பது, ஞாயிறு, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். தூறல். குடையை விரித்தால் பக்கத்தில் வருபவர் சிரிப்பார், விரிக்காவிட்டால் சட்டை நனையும், அப்படி ஒரு தூறல். ஆலயத்தில் மூன்றாவது வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிகள் பதினெட்டு, சுற்றியவை பதினொன்று. எனக்கு இன்றோடு எழுபத்தைந்து முடிகிறது.

முன்பு பிறந்தநாளுக்குக் காணிக்கைக் கவர் வாங்கிப் பெயர் எழுதிப் போடுவோம். இப்போது கைப்பேசியிலேயே பணம் அனுப்ப, முன் பெஞ்சின் முதுகில் கட்டம் கட்டமாக ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். மகன் கைப்பேசியை அதற்கு நேரே காட்டினான்.

"அப்பா, எதுக்குன்னு கீழ எழுதலாம். 'எழுபத்தஞ்சு வருஷம் காத்ததுக்கு'ன்னு போடட்டா?"

"கொஞ்சம் இரு" என்றேன்.

காத்ததுக்கு. அந்தச் சொல்லோடு சுண்ணாம்பு வாசனை வந்துவிட்டது. வெறும் சுண்ணாம்பு அல்ல. உப்புத்தோலும் அழுகிய முட்டையும் கலந்தது. அந்த நாளில் பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூரை நெருங்கினால் வெளியூர்க்காரர்கள் பேருந்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நாங்கள் அதே வாசனையில்தான் பெண் பார்த்தோம், பிரியாணி தின்றோம், ஜெபம் பண்ணினோம். என் கல்யாணப் பட்டுவேட்டியில்கூட அது இருந்ததாக என் மனைவி எஸ்தர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு தோல் ஷாப்பில் டைம் கீப்பர். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணுவது என் வேலை. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கும். சம்பளம் இல்லாவிட்டாலும் அதைச் செய்திருப்பேன். என் புத்தி அப்படி.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் இன்னொரு வேலை. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, அடி குறித்த மூங்கில் கம்பால் ஆழம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். தரைக்குக் கீழே மூடிய தொட்டி. ஒன்பது படி வைத்த இரும்பு ஏணி. நான் ஆறாவது படியில் நின்று கம்பை விடுவேன். பம்பு பழுது பார்க்கும் ஃபிட்டர் மோசஸ் அடிவரை போய், பம்பில் அடைத்திருக்கும் மயிரையும் சவ்வையும் வழித்தெடுப்பான்.

மோசஸ் எங்கள் சபைதான். என் வயதுதான். என்னைத் 'தோஸ்த்' என்பான். அந்தத் தொட்டி என்றால் எனக்குப் புதன்கிழமையே பயம் தொடங்கிவிடும். அவனுக்கு அது தெரியும்.

"பயம் இருந்தா இருக்கட்டும் தோஸ்த். அதையும் தூக்கினு வா. ஆண்டவர் இன்னா, பயந்தவனுக்குத் தனி வாசலா வெச்சிருக்காரு?"

மூடியைத் திறந்ததும் தொப்பியைக் கழற்றுவான். நீளமான ஜெபம் அவனுக்கு வராது. ஒரே வரிதான்: "ஆண்டவரே, உள்ள போற ரெண்டு பேரும் வெளிய வரணும்." நான் ஆமென் என்று முணுமுணுப்பேன். என் வாழ்நாளில் கேட்ட ஜெபங்களில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான். உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. டைம் கீப்பருக்கென்றே செய்த ஜெபம். நூற்று நாற்பத்தெட்டு வியாழக்கிழமைகள் அது பலித்தது.

நூற்று நாற்பத்தொன்பதாவது வியாழன் மழை நாள். மேலாளர் அறைக்கு வெளியே யாரோ, "பக்கத்து ஷாப்புல நேத்து ஒருத்தன் தொட்டியில மயங்கிட்டானாம்" என்று பேசிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. மூன்று மணிக்கு மோசஸ் கம்போடு ஜன்னலில் வந்து நின்றான்.

"வா தோஸ்த்."

"தலைவலிப்பா" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

"அப்ப நீ குந்து. நானே பாத்துட்டு நம்பரைக் கத்தறேன், எழுதிக்கோ."

எனக்குத் தலைவலி இல்லை. இதை நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

ஜன்னலிலிருந்து தொட்டி பன்னிரண்டு தப்படி. அவன் தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன். என்ன சொன்னான் என்று மழையில் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தரைக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "நாலரை, தோஸ்த்!" பதிவேட்டில் நாலரை என்று எழுதினேன். மையை ஒற்றினேன். பக்கத்தைத் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் அவன் இன்னும் வெளியே வரவில்லை என்பது உறைத்தது.

கயிறு கட்டி மேலே எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. விஷவாயு என்றார்கள். அன்று மாலை என் எண்ணிக்கையில் வந்தவர் எண்பத்தாறு, போனவர் எண்பத்தைந்து.

அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறு போதகர் ஐயா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஆபத்தில் தப்பியவன் சபையில் எழுந்து அதைச் சொல்வது எங்கள் வழக்கம். நானும் போயிருக்க வேண்டியது, தலைவலியால் போகவில்லை என்று நான்கு வாக்கியம் சொன்னேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். போதகர் விடவில்லை.

"அந்தத் தலைவலியை அனுப்பினது யார்?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார்.

"ஆண்டவர்!" என்றது சபை. நானும் சொன்னேன். என் குரல் நன்றாகவே எழும்பியது.

பிறகு செயலாளர் காணிக்கைப் பட்டியலை வாசித்தார். அப்போதெல்லாம் யார், எதற்கு, எவ்வளவு என்று ஒன்றுவிடாமல் உரக்க வாசிப்பார்கள். எஸ்தர் எனக்குத் தெரியாமல் கவர் போட்டிருந்தாள். "காத்தாரே, சும்மா இருக்க முடியுமா?" என்றாள் பிற்பாடு. முதலில் என் பெயர். தொழிற்சாலை விபத்தில் உயிர் காக்கப்பட்டதற்காக, ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் ஐம்பத்தொன்று. அடுத்த வரி, மூச்சுகூட விடாமல் அதே குரலில்: மோசஸ் குடும்பத்தார், அடக்க ஆராதனைக்காக, ரூபாய் இருபத்தைந்து.

ஆராதனை முடிந்ததும் மோசஸின் மனைவி லில்லி வாசலில் நின்றிருந்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டு பெண் குழந்தைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்கு நெஜமாவே தலைவலியா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. நான் பயந்தேன் என்று சொல்லியிருந்தால் என் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள். வீட்டுக்குப் போய் அழுதிருப்பாள். அவளுக்கு வெறுக்க ஒரு மனிதன் கிடைத்திருப்பான்.

"ஆமாம்மா" என்றேன். "ஜாஸ்தி."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்போ ஆண்டவர் செயல்தான். நான் இன்னா கேக்க முடியும்?" என்றவள், இரண்டு அடி போய்த் திரும்பினாள். "அவருக்கும் ஒண்ணு அனுப்பியிருக்கலாமே அண்ணா. சின்னதா ஒரு தலைவலி. அதுகூடவா கம்மியாப் போச்சு?"

அதற்குப் பிறகு லில்லி ஆலயத்துக்கு வரவில்லை. போதகர் மூன்று முறை வீட்டுக்குப் போனார். தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, ஜெபம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஆண்டவர்மேல் அவளுக்கு வந்த கோபம் என் பொய்யால் வந்தது. சேர வேண்டிய இடம் பன்னிரண்டு தப்படி தள்ளி உட்கார்ந்திருந்தது.

ஆனால் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. முப்பத்தாறு ஆண்டுகளாக இருக்கிறது. நம்பிக்கையோடு ஜெபித்தவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று முணுமுணுத்தவனைக் காப்பாற்றியது என்ன கணக்கு? 'ரெண்டு பேரும்' என்றுதான் ஜெபம், அன்று ஒருவன்தான் இறங்கினான், அதனால் செல்லாது என்று விட்டுவிட்டாரா? இப்படியெல்லாம் இராத்திரி பகலாகக் கேட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள். எண்ணுகிறவனுக்கு எண்ணித்தான் கேட்கத் தெரியும். அதையும்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்த ஞாயிறு. அவர் பெயரில் நான் பொய் சொல்லி, முந்நூறு பேர் ஆமாம் போட்டபோது, அவர் ஒரு இருமலாவது இருமி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என்னைத் தொட்டியிலிருந்து காத்தவர் என்னிடமிருந்து என்னைக் காக்கவில்லை. வேதத்தில் காட்டிக்கொடுத்தவன் முப்பது வெள்ளிக்காசு வாங்கினான். நான் கையிலிருந்து கொடுத்திருக்கிறேன்.

தோல் ஷாப்பு போய்விட்டது. அந்த இடத்தில் கல்யாண மண்டபம். தொட்டியை மண் போட்டு நிரப்பிவிட்டார்கள். மேலே ஒன்பது கார் நிற்கிறது. ஷட்டரை இறக்க யாருக்கும் அவசியமில்லை. லில்லி பெண்களோடு பெங்களூர் போனாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கேயே அடக்கம் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் அவள் விலாசம் என் பையில் இருந்தது.

"அப்பா, காணிக்கைப் பாட்டு முடியப்போவுது. இன்னா எழுத?" என்றான் மகன்.

"தலைவலி இல்லைன்னு எழுது."

"இன்னாப்பா இது? ஒடம்பு சரியானதுக்கா?"

"நான் சொல்றபடி எழுது. பேரைப் போடு."

எழுதினான். கைப்பேசி ஒரு சிறு மணிச்சத்தம் கொடுத்தது. அறிக்கை நேரம் வரும்வரை காத்திருந்தேன். புதுச் செயலாளர் எழுந்து, காணிக்கை கொடுத்த அனைவருக்கும் நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார். பட்டியலை வாசிக்கும் வழக்கத்தை விட்டு ஏழு வருடம் ஆகிறது என்று மகன் சொன்னான். எனக்கும் தெரிந்ததுதான். வாசித்திருந்தாலும், கேட்க வேண்டியவள் அந்த பெஞ்சுகளில் எதிலும் இல்லை.

அன்று ஐம்பத்தொன்று. இன்று ஐம்பத்தொன்று. ஆக மொத்தம் நூற்றிரண்டு ரூபாய்.